மெயின் அணைப்புப் பதிவேடு

“படகு கீது சார். கரையில கண்ணுக்கு எதிர்ல கீது. வந்து தொட்டுப் பாருங்கன்னுதான சொல்றேன்—”

“படகு இருக்கறது வேற, தனகோடி. படகு இருக்குன்னு கணினி சொல்றது வேற. கணினி சொன்னாத்தான்—”

“அதுதான் அம்பது நாளா வாயே தொறக்கலையே சார்! படுத்த படுக்கையா கெடக்கறத சாட்சிக்கு வெச்சுகினு—”

“மரியாதையாப் பேசு! அது வாரியச் சொத்து!”

“அப்போ என் படகு யாரு சொத்து சார்?”

“அது கணினி எழுந்த பிறகுதான் தெரியும்.”

கடற்கலப் பதிவு வாரியத்தின் கடப்பாக்கம் கிளைக் கண்காணிப்பாளர் ஜானகிராமன் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட வந்ததில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பூங்கொடி அண்ணனின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“நீ செத்த சும்மா இரு. நான் கேக்கறேன்.”

“கேளு, கேளு. அம்பது நாளா நான் கேட்டு முடிச்சிட்டேன். எனக்குக் கேக்கறதுக்கு இனிமே ஒண்ணும் பாக்கியில்ல.”

படகு பூங்கொடியின் பெயரில் இருந்தது. நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளுக்கு வேலை. அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கம்பெனியில் யாருடைய லேப்டாப் படுத்தாலும் அதை எழுப்பி உட்காரவைக்கிற வேலை. அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் ஃபைபர் படகு வாங்கினாள். கடலுக்குப் போவது தனகோடியும் இன்னும் மூன்று பேரும். பதிவுக் காலம் முடிந்து தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. புதுப்பிக்காத படகு கழிமுகத்தைத் தாண்டக் கூடாது. தொண்ணூறு நாளும் தாண்டிவிட்டால் அந்தப் படகு செத்துப்போனதாகக் கணக்கு. பிறகு அதைப் புதுப் படகாகத்தான் பதிய வேண்டும். அதற்குப் படகைக் கட்டின பட்டறையின் சான்று வேண்டும். அந்தப் பட்டறையைப் போன வருஷமே இழுத்து மூடியாயிற்று. இப்போது அங்கே பிரியாணி போடுகிறார்கள்.

இன்றைக்குத் தொண்ணூறாவது நாள்.

விண்ணப்பம் நாற்பதாவது நாளே சரிபார்த்து முடிந்திருந்தது. ஜானகிராமன் தன் மின்கையெழுத்து அடங்கிய சாவியைக் கணினியில் செருகி ஒப்புதல் போட, அச்செடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. அன்று காலை தட்டச்சர் வசுமதி பொத்தானை அழுத்தினாள். கணினி எழவில்லை. நீலத் திரை ஒன்று வந்து நின்றது. அன்றிலிருந்து ஐம்பது நாளாக நீலம்தான்.

“சார், வணக்கம். நான்தான் படகு ஓனர். திரையில என்ன எழுதியிருக்கு?”

“நீலமா இருக்கும்மா.”

“நீலம் சரி சார். எழுத்து?”

“எழுத்து இங்கிலீஷ்ல இருக்கு. அதை நாங்க படிக்கறதில்ல. படிச்சா புரிஞ்சுகிட்டதா ஆயிடும். புரிஞ்சுகிட்டா ஏன் நடவடிக்கை எடுக்கலைன்னு மேல கேப்பாங்க.”

தன் கம்பெனியில் அறுநூறு பேரும் சேர்ந்து இப்படி ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.

“புகார் குடுத்தீங்களா சார்?”

“குடுக்காம? முதல் நாளே தயார்.” ஜானகிராமன் ஒரு கோப்பைத் திருப்பிக் காட்டினார். கோணல் இல்லாத கையெழுத்தில் நான்கு பக்கம். “புகாரைக் கணினி வழியாத்தான் அனுப்பணும். அதுவும் பதிவு பெற்ற கணினியிலேர்ந்து மட்டும்தான். எங்ககிட்ட பதிவு பெற்ற கணினி இது ஒண்ணுதான். அதனால எழுதி வெச்சிருக்கோம். கணினி சரியானதும் முதல் வேலையா இதைத்தான் அனுப்புவோம்.”

“சரியான பிறகு, கெட்டுப்போச்சுன்னு புகார் அனுப்புவீங்க?”

“முறைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா.”

தனகோடி தங்கையைப் பார்த்தான். “இன்னா பாக்கற? ஃபோன்ல சொன்னப்ப நான் குடிச்சுகினு பேசறேன்னு சொன்னியே!”

“செங்கல்பட்டு மேலாபீஸுக்கு நேர்ல போய்ச் சொல்லலாமே சார்?”

“சொன்னோமே! குழுவே வந்துச்சு. மூணு பேர், டீ, வடை எல்லாம் ஆச்சு. வன்பொருள் பிரிவு, பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மென்பொருள் பிரிவு, மென்பொருளைக் காட்டுங்க, பாக்கறோம்னாங்க. எழுந்தாத்தானே காட்டறது? இப்ப நீல நிறம் எந்தப் பிரிவோட பொறுப்புன்னு தெளிவுரை கேட்டிருக்கோம். தபால்ல மூணு நினைவூட்டல் போயாச்சு.”

குழுவின் அறிக்கை கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்தது. ‘மேற்படி கணினி மேசைமீது இருப்பதைக் குழு நேரில் கண்டு உறுதி செய்தது’ என்று அதில் இருந்தது. கீழே மூன்று கையெழுத்து.

கணினி அறை தனி அறை. வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று பலகை. உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கணினிக்கு வெயில் ஆகாது என்று வாங்கியது. கணினி படுத்த பிறகும் அது ஓடியது, ஏனென்றால் ஜானகிராமனின் மதியச் சாப்பாட்டு மேசையும் அந்த அறையில்தான் இருந்தது. பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே ஓர் எலுமிச்சம்பழம். ஆயுத பூஜைக்கு வைத்தது, காய்ந்து கோலிக்குண்டு போல ஆகிவிட்டது.

பூங்கொடி செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்து நீலத் திரையைப் படித்தாள். படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்காகவா ஐம்பது நாள்?

“சார், இது கணினி எழுந்திருக்கறதுக்கு வேண்டிய கோப்புங்க சிதைஞ்சு போனது. அவ்ளோதான். நீங்க போட்டு வெச்ச விவரமெல்லாம் வேற இடத்துல பத்திரமா இருக்கும். கெட்டுப்போன கோப்பை எடுத்துட்டு நல்ல கோப்பை வெச்சா எழுந்துடும். நாப்பது நிமிஷ வேலை. இது வாங்கின பெட்டியில மீட்புக்குன்னு ஒரு பென் டிரைவ் குடுத்திருப்பாங்களே?”

“இருக்கு. பீரோவுல பத்திரமா இருக்கு.”

“குடுங்க சார், நான் செஞ்சு தர்றேன்.”

“உறை பிரிக்காததும்மா அது! சரக்குப் பதிவேட்டுல உறை பிரிக்காத நிலையில ஒண்ணுன்னு ஏறியிருக்கு. பிரிச்சா தணிக்கையில என்னத்தைக் காட்டறது? பிரிக்காம இருக்கறதாலதானே ஆறு வருஷமா இருக்கு?”

“கெட்டுப்போனா பிரிக்கறதுக்குத்தான சார் குடுத்தாங்க?”

“கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னது? புகாரே இன்னும் போகலையே!”

வசுமதி இவ்வளவு நேரமும் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டச்சு வேலை இல்லாத ஐம்பது நாளில் அந்த மேசை கண்ணாடியாகிவிட்டது. ஜானகிராமன் பீரோ பக்கம் திரும்பியதும் பூங்கொடியின் காதருகே வந்தாள்.

“அது படுத்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம்தாம்மா. ஏதோ வட்டமா சுத்திகினே இருந்துச்சு. அணைக்காதீங்கன்னு இங்கிலீஷ்ல போட்டுது. நான் லட்சுமணன் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் அஞ்சே முக்கால் ஆச்சுன்னு மெயினை இறக்கிட்டாரு.”

“யூபிஎஸ் இல்லையாக்கா?”

“கீது. அதுல ஐயாவோட ஃபேன் ஓடுது.”

அலுவலக உதவியாளர் லட்சுமணன் வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் மெயின் சுவிட்ச். அதன் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கிய நீளமான நோட்டு. அட்டையில் ‘மெயின் அணைப்புப் பதிவேடு’ என்று எழுதியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு கேடயம்: ‘மின் சிக்கனத்தில் தொடர்ந்து ஆறாம் ஆண்டாக முதலிடம்’.

“ஏன் அண்ணாத்த, அணைக்காதன்னு அதுவே சொல்லுதே, ரெண்டு நிமிஷம் வுட்டிருக்கக் கூடாதா?”

“அது சொல்றத நான் கேக்க முடியாதும்மா. நான் சுற்றறிக்கை சொல்றதத்தான் கேக்கணும். அஞ்சு நாப்பத்தஞ்சுன்னா அஞ்சு நாப்பத்தஞ்சுதான். பதினோரு வருஷமா ஒரு நிமிஷம் அப்பால போனதில்ல. ஒரு நாள் எங்கூட்டுக்காரிக்கு வலி எடுத்துகினு கீதுன்னு ஃபோன் வந்துச்சு. மெயினை இறக்கிட்டுத்தான் போனேன். கேட்டுப் பாரு.”

அவர் பெருமையோடு நோட்டைத் திறந்து நீட்டினார். பக்கம் பக்கமாக ஒரே நேரம், ஒரே மை. பூங்கொடி இன்றைய தேதியைப் பார்த்தாள். பகல் இரண்டு மணிக்கே அதில் ‘அணைத்த நேரம் 5.45’ என்று இருந்தது. கீழே லட்சுமணன் கையெழுத்து. பக்கத்தில் ஜானகிராமன் கையெழுத்து.

“இன்னா அண்ணாத்த, இன்னிக்குச் சாயங்காலத்த இப்பவே எழுதிகீறீங்க?”

“பின்ன? மெயினை இறக்கிட்டா இருட்டும்மா. இருட்டுல எப்டி எழுதறது? அதான் காலைல வந்தவொடனே எழுதிடறது. ஐயாவும் காலையிலயே போட்டுடுவாரு.”

இதில் தப்பு என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பூங்கொடி நோட்டைத் திரும்ப மாட்டினாள்.

“சரி சார், இப்ப என்னதான் வழி? இன்னிக்கு விட்டா என் படகு போச்சு.”

ஜானகிராமனின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. “நல்ல நாள்லதாம்மா வந்திருக்க! இன்னிக்குத்தான் விழா. உதவி இயக்குநர் கங்காதரன் ஐயாவே செங்கல்பட்டிலேர்ந்து வர்றார்.”

வாசலில் இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே கட்டியிருந்த பதாகையை அவள் வரும்போது சரியாகப் பார்க்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தாள். ‘கணினிப் பழுதுநீக்கத் தொடக்க விழா’.

“அப்பாடா. பழுது பாக்க ஆள் வர்றாரா சார்?”

“ஆளா? ஆளை எப்படி இப்பவே போடறது? முதல்ல பழுதுநீக்கத்தைத் தொடங்கி வைக்கணும். தொடங்காத வேலைக்கு ஆள் போட்டா தணிக்கைல நாங்கல்ல மாட்டிப்போம்?”

“வாம்மா,” என்றான் தனகோடி. “வா, கரைக்குப் போய் உக்காந்து அழலாம். அங்க காத்தாச்சும் வரும்.”

“அழறதுக்கு நான் லீவு போட்டு வரல. இரு, பாக்கலாம்.”

மூன்று மணிக்கு என்று சொன்ன விழாவுக்கு நாலேகாலுக்கு ஜீப் வந்தது. கங்காதரன் இறங்கினார். கழுத்தில் தொலைநோக்கி. வாரியத்துக்கு அதில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. வந்ததும் ஆய்வு என்று சொல்லி, மெயின் அணைப்புப் பதிவேட்டை வாங்கி, இந்த மாதம் முழுமைக்கும், இன்னும் விடியாத ஒன்பது நாளையும் சேர்த்து, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். தினமும் வர முடியாதல்லவா.

நாற்காலிகளில் பூங்கொடி, தனகோடி, சான்றுக்குக் காத்திருந்த இன்னும் நாலு படகுக்காரர்கள். கங்காதரன் தொண்டையைச் செருமினார்.

“மீனவப் பெருமக்களே! ஒரு கணினி ஓடும்போது அதை யார் நினைக்கிறார்கள்? ஒருவரும் நினைப்பதில்லை. மக்கள் வருகிறார்கள், சான்றிதழை வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். எங்கள் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கணினி நின்ற இந்த ஐம்பது நாளில் என்ன நடந்தது? தனகோடி என்னும் இந்த மீனவ நண்பர் முப்பத்தொரு முறை இந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். பார்வையாளர் பதிவேட்டில் ஆதாரம் இருக்கிறது. எந்தக் கணினியால் இந்த நெருக்கத்தை உண்டாக்க முடியும்?”

ஜானகிராமன் கைதட்டினார். லட்சுமணனும் தட்டினார்.

“நானே எட்டு முறை வந்து இந்தக் கணினியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த ஆறு வருஷத்தில் ஒரு முறையாவது வந்தேனா? இல்லை! ஆகவே நின்றுபோன கணினிதான் நிர்வாகத்தை மக்களிடம் கொண்டுவருகிறது. வரும் வழியில் வேடந்தாங்கலை ஆய்வு செய்தேன். பறவைகள் நம் வாரியத்தில் வராது. ஆனாலும் வண்டி அந்த வழியாகப் போனது. எத்தனை ஆயிரம் மைல் கடல் தாண்டி வருகின்றன! அவற்றுக்கு எந்த அலுவலகம் சான்று கொடுத்தது? எந்தக் கணினி ஒப்புதல் போட்டது? அதுதான் இயற்கை!”

“அப்போ என் படகையும் அப்டியே வுட்ருங்களேன் சார்!” என்று தனகோடி எழுந்தான்.

“கேள்வி நேரம் விழா நிறைவில்,” என்றார் கங்காதரன்.

கணினியைச் சுற்றி ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கங்காதரன் வெட்டினார். லட்சுமணன் தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் புது எலுமிச்சம்பழம், கற்பூரம், இரண்டு வாழைப்பழம். நடுவில், ஆறு வருஷமாக உறை பிரிக்காத அந்த மீட்பு பென் டிரைவ். விழாவுக்குக் கருவி என்று ஏதாவது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அதை பீரோவிலிருந்து எடுத்திருந்தார்கள். பென் டிரைவுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

“போட்டோ,” என்றார் கங்காதரன். “வெறும் கணினியாக எடுத்தால் நன்றாக இருக்காது. யாராவது பயனாளி உட்காரட்டும். பெண்ணாக இருந்தால் மேலே அனுப்ப நன்றாக இருக்கும். நீ வாம்மா.”

பூங்கொடி உட்கார்ந்தாள்.

“கையைக் கீபோர்டு மேலே வை. பழுது பார்க்கிற மாதிரி இரு.”

“மாதிரியா சார்?”

“மாதிரிதான்.”

லட்சுமணன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். பூங்கொடி தாம்பாளத்திலிருந்து உறையை எடுத்தாள். பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். அந்தச் சத்தம் அறையில் பட்டாசு போலக் கேட்டது.

“ஏய், ஏய்! பிரிக்காதம்மா!” ஜானகிராமன் பாய்ந்து வந்தார். “ஐயோ, பிரிச்சுட்டாளே! போட்டோவுக்குத்தானேம்மா உக்காரச் சொன்னோம்!”

“நீங்கதான சார் பழுதுநீக்கத்தைத் தொடங்கி வெச்சீங்க?”

“தொடக்கம்தாம்மா வெச்சோம்! பழுதுநீக்கம் வேற!”

பென் டிரைவ் உள்ளே போய்விட்டது. பெட்டியை அணைத்துப் போட்டாள். நீலம் போய்க் கறுப்பு வந்தது. கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி கட்டளை அடித்தாள். அவள் தினம் பத்து தடவை அடிக்கிற வரி.

“எழுந்திரும்மா. நிறுத்து,” என்றார் கங்காதரன்.

“நிறுத்திடறேன் சார்.” பூங்கொடி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். “ஆனா இன்னிக்குத் தேதியில பழுதுநீக்கம் தொடங்கியாச்சுன்னு வாசல்ல பதாகை கட்டிகீறீங்க, ரிப்பன் வெட்டிகீறீங்க, போட்டோவும் எடுத்தாச்சு. தொடங்குன வேலைய நடுவுல நிறுத்தணும்னா யாரு கையெழுத்துப் போடணும் சார்? எழுதிக் குடுங்க. உடனே எழுந்துடறேன்.”

கங்காதரன் ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன் விதிப் புத்தகம் இருந்த அலமாரியைப் பார்த்தார். நியாயமான கேள்வி. வாரியம் இதுவரை எந்தப் பழுதுநீக்கத்தையும் தொடங்கியதில்லை. அதனால் எதையும் நிறுத்தியதும் இல்லை.

இருவரும் விதிப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“நிறுத்தம்... நிறுத்தம்னா இங்க பேருந்து நிறுத்தம்தான் சார் வருது.”

“இடைநீக்கம் என்று பாருங்கள்.”

“இடைநீக்கம் ஊழியருக்கு சார். கணினி ஊழியரா?”

“சம்பளம் வாங்குகிறதா?”

“இல்ல சார்.”

“அப்படியானால் இல்லை.”

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டு சதவீதம். முப்பத்தாறு. நாற்பத்தொன்றில் வந்து நின்றுகொண்டது. தனகோடி வாசற்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா பாப்பா, நின்னுபோச்சு?”

“தேடிகினு கீது. எந்தக் கோப்பு நல்லது, எந்தக் கோப்பு கெட்டதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குது.”

“அவுங்களும் அதத்தான் பாத்துகினு கீறாங்க. யாரு முதல்ல முடிக்கறாங்கன்னு பாக்கலாம்.”

மற்ற படகுக்காரர்களும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். வசுமதி துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள். ஐம்பத்தொன்பது. எழுபத்திரண்டு. கடையில் டீ சொல்லி அனுப்பியது வந்தது, யாரும் தொடவில்லை.

“கிடைச்சுது சார்!” என்று ஜானகிராமன் கூவினார். “தொடங்கிய பணியை நிறுத்தும் அதிகாரம் தலைமையகத்துக்கே உண்டு. அதைக் கணினி வழியாக மட்டுமே கோர வேண்டும்!”

“நல்லது. கோருங்கள்.”

“கணினி...” என்றார் ஜானகிராமன். அப்போதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரையில் நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. பச்சை வயல் ஒன்றும், அதற்கு மேல் வாரியத்தின் சின்னமும் இருந்தன. பழைய ஞாபகத்தில் அது ஒரு மணியடித்தது. வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி ஐந்து முப்பத்தாறு.

கங்காதரன் ஒரு கணம்தான் தடுமாறினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“எழுதிக்கொள்ளுங்கள், ஜானகிராமன். ‘உதவி இயக்குநரின் நேரடிப் பார்வையில், தொடக்க விழா நாளிலேயே பழுது நீங்கியது.’ மற்ற மாவட்டத்தில் எங்கேயாவது உண்டா? இந்தப் பெண்ணின் சான்றிதழைக் கையோடு அச்செடுங்கள். நான் வழங்குவது போல ஒரு போட்டோ வேண்டும்.”

“என் சான்றிதழ் மட்டுமில்ல சார். இவங்க நாலு பேருதும் அதே மாதிரிதான் நிக்குது,” என்றாள் பூங்கொடி.

“போட்டோவுக்கு ஒன்று போதும்மா.”

வசுமதி உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. ஜானகிராமன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்துச் செருகினார். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதலில் தலைகீழாகச் செருகப் பார்த்தார். பட்டியலில் நின்ற ஐந்துக்கும் சேர்த்தே ஒப்புதல் விழுந்தது. வசுமதி ஒன்றை அல்ல, ஐந்தையும் வரிசையில் நிறுத்தி அச்சுக்கு அனுப்பினாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அச்சுப்பொறி ஐம்பது நாள் தூங்கிக் கிடந்தது. அது முனகியது, உறுமியது, சூடேறக் காத்திருந்தது. திரையின் மூலையில் வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அன்று பாதியில் விட்டுப்போன வேலையைக் கணினி மறக்காமல் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தது. ‘அணைக்காதீர்கள்’ என்று இங்கிலீஷில் அதே வாசகம்.

மணி ஐந்து நாற்பத்துநாலு. லட்சுமணன் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“அண்ணாத்த, உக்காருங்க. ரெண்டே நிமிஷம்.”

“என்னால ஆவாதும்மா. ஷீல்டு போயிடும்.”

“சார், சொல்லுங்க சார்! இப்ப இறக்கினா மறுபடி அதே கோப்புங்கதான் சிதையும். மறுபடி அம்பது நாள்!”

கங்காதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அந்தச் சுற்றறிக்கை என் கையெழுத்தில் வந்ததம்மா. என் சுற்றறிக்கையை நானே மீறினால் யார் மதிப்பார்கள்? நாளைக்கு வந்து வாங்கிக்கொள்.”

“நாளைக்குத் தொண்ணூத்தோராவது நாள் சார்.”

“போட்டோவுக்கு இப்போது உறையை மட்டும் வாங்கிக்கொள்ளேன்.”

“உள்ள ஒண்ணும் இல்லியே சார்?”

“போட்டோவில் உள்ளே தெரியாது.”

தனகோடி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். “இந்தப் பேஜாருக்கெல்லாம்—”

“அண்ணே, நீ அங்கயே நில்லு.”

பூங்கொடி வெறுங்காலோடு நான்கு எட்டில் வாசலுக்குப் போனாள். லட்சுமணனின் கை மெயினை நோக்கி உயர்ந்திருந்தது. அந்தக் கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போய் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாள். லட்சுமணன் கையைக் கீழே போட்டார். பதினோரு வருஷத்தில் அந்தக் கைக்கு வழியில் ஆள் நின்றதில்லை.

“தள்ளும்மா,” என்றார் ஜானகிராமன். “அரசுப் பணியைத் தடுக்கற குற்றம் இது!”

“எந்தப் பணிய சார்?”

“மெயினை அணைக்கற பணிய!”

கடிகாரத்தின் முள் ஐந்தே முக்காலைத் தொட்டது. பூங்கொடி ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். இன்றைய பக்கத்தைத் திறந்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, அந்த நாலு படகுக்காரர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“ஜனவரி இருவத்திரெண்டு. மெயின் அணைத்த நேரம் அஞ்சு நாப்பத்தஞ்சு. அணைத்தவர் லட்சுமணன், கையெழுத்து கீது. நேரில் பார்த்து உறுதி செய்தவர் கண்காணிப்பாளர், கையெழுத்து கீது. ஆய்வு செய்தவர் உதவி இயக்குநர், பச்சை மையில கையெழுத்து கீது.”

உள்ளே அச்சுப்பொறி முதல் காகிதத்தைப் பிடித்து மெல்ல இழுக்க ஆரம்பித்தது.

“அணைச்சாச்சுன்னு மூணு பேரும் எழுதிக் குடுத்துட்டீங்க. அணைஞ்சுபோன மெயினை இன்னொரு வாட்டி அணைக்கணும்னா, அதுக்கு எந்தப் பதிவேட்டுல சார் கையெழுத்துப் போடுவீங்க?”